வாரியமும் அளவுகோலும்

எங்கள் ஊர் ஆர்.கே.பேட்டை. இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்னும் நெடும்பெயர் பத்திரங்களில் மட்டும் வாழ, மக்கள் வழக்கில் இச்சிறுபெயரே நிலைத்துவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ஆந்திர நாட்டின் எல்லையை அடுத்து இவ்வூர் அமைந்துள்ளது. நெசவு இவ்வட்டாரத்தின் பழந்தொழில். நாங்கள் சிறுவராய் இருந்த காலத்தில், வாய்க்காலில் ஓடும் நீரின் நிறத்தைக் கண்டே, அன்று எந்தத் தெருவில் என்ன சாயம் காய்ச்சினார்கள் என்று சொல்லிவிடுவோம். நீலம் ஓடினால் ஒரு கூட்டம்; சிவப்பு ஓடினால் மற்றொரு கூட்டம். காகிதக் கப்பல் விடுவதற்கு நிறநீரே எங்களுக்கு உவப்பானது. அந்நீர் எங்கே போகிறது என்று ஒருநாளும் யாம் எண்ணியதில்லை; எங்களைக் கடிந்துகொண்ட பெரியோரும், சட்டை கறைப்படுகிறதே என்று கடிந்தார்களேயன்றி, நீர் கெடுகிறதே என்று கடிந்தாரல்லர்.

அது போகும் இடத்தைப் பின்னாளில் நிலப்படத்தில் கண்டபோது எனக்கு வியப்பாயிற்று. பள்ளிப்பட்டு வழியே வரும் கொசத்தலையாறு கிழக்கு நோக்கிச் சென்று பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. 1944இல் கட்டி முடிக்கப்பட்டுச் சத்தியமூர்த்தி சாகர் எனப் பெயர் பெற்ற அத்தேக்கம், சென்னை மாநகர்க்குக் குடிநீர் நல்குவது. அதனைக் கடந்து செல்லும் ஆறு, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. மேட்டூரார் அழுக்கு பள்ளத்தூரார் குடத்தில் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. நாங்கள் விட்ட காகிதக் கப்பல் சென்னைவரை போயிராது. சாயம் சிறிதேனும் போயிருத்தல் கூடும்.

நிறமுள்ள நீரைக் கண் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் சாயப் பட்டறையிலிருந்தும் தோல் பதனிடும் சாலையிலிருந்தும் வெளியேறும் நீரில் கரைந்துள்ள உப்பு கண்ணுக்குப் புலனாகாது. புகைபோக்கியிலிருந்து கரும்புகை வந்தால் ஊரார் முணுமுணுப்பர். அப்புகையில் கலந்துள்ள நுண்டுகளையும் கந்தக வாயுவையும் யார் காண்பர்? காணப்படாததைக் காண்பதற்குக் கருவி வேண்டும். கருவியைக் கையாளத் தேர்ந்த ஆள் வேண்டும். அவ்வாள் சொல்லும் அளவை நம்புவதற்கு ஓர் அமைப்பு வேண்டும். இவை மூன்றையும் ஒருங்கே உடையதாய் இருக்க வேண்டுவதே மாசு கட்டுப்பாட்டு வாரியம். வளர்ந்துவரும் ஒரு நாடு இவற்றை எவ்வாறு தேடிக்கொள்கிறது, அதற்கு அயல்நாடுகளும் உலக நிறுவனங்களும் எவ்வாறு துணைபுரிகின்றன, அத்துணையால் எது நிறைவேறும், எது நிறைவேறாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

'வாரியம்' என்பது இக்காலத்தார் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தெடுத்த சொல் அன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. அவ்வூர்ச் சபையார் ஏரியைக் காக்க ஏரி வாரியமும், தோட்டங்களைக் காக்கத் தோட்ட வாரியமும், ஆண்டுதோறும் பொதுப்பணி பார்க்கச் சம்வத்சர வாரியமும், பொன்னின் தரம் பார்க்கப் பொன் வாரியமும் வகுத்துக்கொண்ட முறையை அவை விரித்துரைக்கின்றன. ஏரி வாரியத்துக்கு அறுவர். அவரைத் தேர்ந்த முறை குடவோலை முறை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துத் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் மடக்கினால் வேறோலை மறைந்திருக்கலாம் அன்றோ! முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது போனவனும், அவன் நெருங்கிய உறவினரும் குடத்தில் பெயரிடத் தகுதியற்றவர். ஓராண்டு முடிந்ததும் பதவி முடிந்தது. நிலமுடையாரும் மறை கற்றாருமே அங்குத் தகுதி பெற்றனர் என்னும் குறையை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எனினும், நீரைக் காப்பவனையே முதலில் காக்க வேண்டும் என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. இச்செய்தியை மாணவர் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் குஜராத்தைப் பற்றிப் பேசும்போது இதற்கு மீண்டும் வருவோம்.

இக்காலத்து முறைப்படி சுற்றுச்சூழலைக் காப்பதற்கெனத் தனி அரசு நிறுவனத்தை முதன்முதலில் அமைத்த நாடுகளுள் சுவீடன் ஒன்று, ஆண்டு 1967. அமெரிக்க ஐக்கிய நாடு 1970இல் அமைத்தது. சுவீடன் இதில் முந்தியதற்குக் காரணம் உண்டு. அந்நாட்டு ஏரிகளில் மீன்கள் மாண்டன. ஆராய்ந்து பார்த்தபோது, ஏரிநீர் புளித்துப்போயிருந்தது; அதனைப் புளிக்கச் செய்தது அமில மழை; அம்மழைக்கு மூலமான கந்தகப் புகையில் பெரும்பங்கு பிற ஐரோப்பிய நாடுகளின் நிலக்கரி உலைகளிலிருந்து காற்றோடு வந்தது. தன் வீட்டைத் தான் பெருக்கினால் மட்டும் போதாது, அடுத்த வீட்டுப் புகையும் தன் அடுப்பங்கரைக்கு வரும் என்பதை உணர்ந்த சுவீடன், ஐக்கிய நாடுகள் அவையைத் தூண்டி, 1972ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் தொடங்கி 16ஆம் நாள் வரை தன் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் மனிதச் சுற்றுச்சூழல் மாநாட்டை நடத்தச் செய்தது. ஜூன் 5ஆம் நாளை உலகச் சுற்றுச்சூழல் நாளாக நாம் கொண்டாடுவது இதனாலேயே. இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் அம்மாநாட்டில் உரையாற்றினார். வறிய நாடுகளின் வறுமையைப் புறந்தள்ளிவிட்டுக் காற்றையும் நீரையும் பற்றி மட்டும் பேசுதல் பொருந்தாது என்னும் கருத்தை அவர் அங்கே அழுத்தமாக வைத்தார். பிற்காலத்தில் செல்வ நாடுகள் வளரும் நாடுகளுக்குப் பொருளும் தொழில் நுட்பமும் நல்க வேண்டும் என்று எழுந்த வழக்குக்கு அவ்வுரை ஒரு தொடக்கம் எனலாம்.

மாநாட்டிலிருந்து திரும்பிய பின் நம் நாட்டில் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் இயற்றப்பட்டு, அவ்வாண்டே மத்திய வாரியம் அமைந்தது. காற்றுக்கான சட்டம் 1981இல் வந்தது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நிறுவப்பட்டது. 1984 டிசம்பரில் போபாலில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் உயிர் துறந்த பின், 1986இல் பொதுவான சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அண்டைநாடாகிய இலங்கையும் 1980இல் சட்டம் இயற்றி, மறு ஆண்டில் மத்திய சுற்றாடல் அதிகார சபையை நிறுவியது. அதனை வலுப்படுத்த நார்வே நாடு நெடுங்காலம் பொருளுதவி செய்தது.

சட்டம் இயற்றுவது எளிது. அதனை நடத்துவது அரிது. நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். வாரியத்து அலுவலர் ஒருவர் தொழிற்சாலைக் கழிவுநீரை ஆய்வுக்கு எடுக்கும்போது, உரிமையாளருக்கு அறிவிப்புத் தந்து, அவர் முன்னிலையிலேயே நீரை எடுத்து, இரு பங்காகப் பிரித்து, தனித்தனிக் கலத்தில் ஊற்றி, முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட வேண்டும். ஒரு பங்கு வாரியத்து ஆய்வகத்துக்குச் செல்லும். உரிமையாளர் வேண்டினால் மற்றொரு பங்கு வேறோர் ஆய்வகத்துக்குச் செல்லும். இம்முறை வழுவினால் நீதிமன்றத்தில் அந்த அளவு செல்லாது. உள்ளங்கையை அகல விரித்து ஓலை வாங்கியவரின் மனமே இச்சட்டம் எழுதியவரிடமும் இருந்தது.

ஆய்வகத்தில் நடப்பது அதனினும் நுட்பமானது. கழிவுநீரிலுள்ள அழுகும் பொருளை அறிய, அந்நீரைப் புட்டியில் அடைத்து, 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்து, அதிலுள்ள நுண்ணுயிர்கள் எவ்வளவு உயிர்வளியை உண்டன என்று கணக்கிடுவர். ஆற்றில் விடும் நீராயின் அஃது ஒரு லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது பொதுவிதி. அம்மூன்று நாளில் மின்சாரம் நின்று பெட்டியின் வெப்பம் மாறினால் ஆய்வு கெடும். புகைபோக்கியை ஆய்வதோ, உடல் வருந்திச் செய்யும் வேலை. உயர்ந்த மேடைமீது ஏறி, புகைக்குழாயின் துளையில் உறிஞ்சுகுழலைச் செலுத்தி, புகை எவ்வேகத்தில் செல்கிறதோ அவ்வேகத்திலேயே உறிஞ்ச வேண்டும். விரைந்து உறிஞ்சினும் மெல்ல உறிஞ்சினும் துகளின் அளவு பிழைபடும். வடிதாளை முன்னும் பின்னும் நிறுத்து, வேறுபாட்டைக் கண்டு, ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மில்லிகிராம் துகள் என்று கூறுவர். பல தொழில்களுக்கு 150 மில்லிகிராம் என்பது எல்லை. இதற்கெல்லாம் தராசு வேண்டும், உலை வேண்டும், வண்டி வேண்டும், பயிற்சி வேண்டும். புதிதாய்ப் பிறந்த வாரியத்துக்கு இவை எங்கிருந்து வரும்?

இவ்விடத்தில்தான் உலகத்துணை நம் நாட்டுக்குள் நுழைந்தது. 1991இல் உலக வங்கி இந்தியாவுக்குத் தொழில் மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றை ஒப்புக்கொண்டது. கடனின் அளவு 15 கோடி டாலருக்கும் மேற்பட்டது. குஜராத், மகாராட்டிரம், தமிழ்நாடு, உத்தரப்பிரதேசம் ஆகிய நான்கு மாநில வாரியங்களின் ஆய்வகங்களையும் அலுவலரையும் வலுப்படுத்துவது அதன் ஒரு பகுதி. தொழிற்சாலைகள் மாசு நீக்கும் பொறிகளை அமைக்கவும், சிறு தொழிலோர் பலர் கூடிப் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டவும் நிதி நல்குவது மற்றொரு பகுதி. பெரும்பணம் இரண்டாம் பகுதிக்கே சென்றது. அதே பத்தாண்டில் செருமானியத் தொழில்நுட்ப உதவி நிறுவனமும் உலக வங்கியும் துணைநிற்க, எந்த மாவட்டத்தில் எவ்வகைத் தொழிற்சாலை அமையலாம், எங்கே அமையலாகாது என்று காட்டும் நிலப்படத் தொகுதிகளை மத்திய வாரியம் வரையத் தொடங்கியது. நோய் வந்த பின் மருந்து தேடுவதினும் வீடு கட்டுமுன் மனை பார்ப்பது மேல் என்னும் கருத்தில் எழுந்த பணி அது. அதனை இன்னும் இருபதாண்டு முன்னரே செய்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

கடன் என்பது ஈகை அன்று. அதனைத் திருப்பித் தருதல் வேண்டும். மேலும் கடனால் கருவி வாங்கலாம். அக்கருவியை ஆண்டுதோறும் பழுதுபார்க்கும் செலவும், அதனை இயக்குவோர் ஊதியமும் நம் கருவூலத்திலிருந்தே வருதல் வேண்டும். திட்டக்காலம் முடிந்ததும் அயல்நாட்டு அறிஞர் தம் ஊருக்குத் திரும்புவர். உதிரிப்பகுதி கிடைக்காத கருவி துணிபோர்த்தி மூலையில் நிற்கும். பயின்ற இளைஞர் வேறு வேலைக்குச் செல்வர். காலியான இடம் காலியாகவே கிடக்கும். உலகெங்கும் இத்தகைய உதவித் திட்டங்களின் நோய் இதுவே. ஆதலின், பெற்ற துணை நிலைத்ததா என்று கேட்பவர், எத்தனைக் கருவி வந்தது என்று எண்ணாமல், பத்தாண்டு கழித்து எத்தனைக் கருவி இயங்குகிறது என்று எண்ணுதல் வேண்டும்.

நிலைத்த துணைக்கு எடுத்துக்காட்டு எங்கள் ஊருக்கு அண்மையிலேயே உண்டு. தெற்கே சோளிங்கரைக் கடந்து சென்றால் பாலாற்றங்கரையில் இராணிப்பேட்டை. அங்கிருந்து மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் பதனிடும் சாலைகள் நிறைந்துள்ளன. தோலைப் பதப்படுத்துவதற்கு முன் அழுகாமற் காக்க அதன்மீது உப்பு தடவுவர். பதனிடக் குரோமிய உப்பைப் பயன்படுத்துவர். தோலை ஊறவைக்கும் நீரில் கரையும் உப்பை நுண்ணுயிர்களால் நீக்க இயலாது. எத்துணைச் சுத்திகரிப்பு நிலையம் வைத்தாலும் உப்பு நீரோடு போய்க் கிணறுகளைக் கெடுக்கும். இதனால் வேளாண் நிலமும் குடிநீரும் கெட்டதாக வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் வந்த தீர்ப்பு வரலாற்றுச் சிறப்புடையது. மாசு செய்தவனே அதனை நீக்கும் செலவையும் கெட்டவர்க்கு ஈட்டையும் தருதல் வேண்டும். தீங்கு நேரும் என்று ஐயம் வலுத்தவிடத்து, முழுச் சான்று வரட்டும் என்று காத்திராது முன்கூட்டியே தடுத்தல் வேண்டும் என்னும் இரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு கூறிற்று. இவ்விரு நெறிகளும் 1992இல் ரியோ டி ஜெனீரோவில் கூடிய உலக நாடுகளின் அறிக்கையில் இடம் பெற்றவை. ஒரு காசும் கைமாறாமல், ஒரு கப்பலும் கரைசேராமல், உலகம் நமக்குத் தந்த துணை இது. ஓர் எண்ணம் எல்லை கடந்து வந்து நம் ஊர்க் கிணற்றுக்காக வழக்காடியது.

தீர்ப்பு ஒருபுறம் இருக்க, தொழிலோர் அதனை நிறைவேற்றும் வழி அறிய வேண்டுமே! அவ்வாண்டுகளில் ஐக்கிய நாடுகள் தொழில் வளர்ச்சி அமைப்பு, தென்கிழக்காசியத் தோல் தொழில் மாசைக் குறைக்கும் திட்டத்துக்குச் சென்னையில் அலுவலகம் வைத்து நடத்தியது. 1948இல் தொடங்கப்பெற்ற சென்னை அடையாற்று மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தாரும் இத்துறையில் உழைத்தனர். அத்திட்டம் செய்து காட்டியவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது மரச்சட்டம். ஊறவைக்குமுன் தோலை அதன்மேல் அடித்து உதறினால், ஒட்டியுள்ள உப்பில் ஒரு பகுதி பொடியாய் உதிரும். நீரில் கரைந்த உப்பைப் பிரிக்கக் கோடிக்கணக்கில் செலவு. கரையுமுன் உதறச் சில பலகையும் ஆணியும். இதனுடன், பயன்படுத்திய குரோமியத்தை மீட்டு மீண்டும் பயன்படுத்தும் முறையும், சாலைக்குள் நச்சு வாயுவால் தொழிலாளர் மாளாமல் காக்கும் முறையும் கற்பிக்கப்பட்டன. இவையெல்லாம் வந்தும், மத்திய வாரியம் 2009இல் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தோடு இணைந்து நாட்டின் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, வேலூர் வட ஆற்காட்டுப் பகுதி நூற்றுக்கு 81.79 பெற்றது; நம் மாவட்டத்தை ஒட்டிய மணலி 76.32 பெற்றது. பள்ளி மதிப்பெண் போன்றதன்று இது. எண் உயர உயர நிலைமை மோசம் என்று பொருள். 70க்கு மேற்பட்டவை மிகக் கேடுற்ற பகுதிகள். நற்பணி நடந்ததும் உண்மை. அது போதாமற் போனதும் உண்மை.

இனிக் குஜராத்துக்கு வருவோம். அம்மாநிலத்தில் 1996இல் உயர் நீதிமன்ற ஆணைப்படி, மாசு மிகுந்த தொழிற்சாலைகள் ஆண்டுதோறும் வெளித் தணிக்கையாளரைக் கொண்டு தம் புகையையும் கழிவையும் அளந்து வாரியத்துக்கு அறிக்கை தரும் முறை ஏற்பட்டது. ஏட்டில் நல்ல முறை. ஆனால், தணிக்கையாளரைத் தேர்ந்தவரும் தொழிற்சாலையார். கூலி கொடுத்தவரும் அவரே. மாணவன் தனக்குப் பிடித்த ஆசிரியரைத் தானே அமர்த்திக் கூலியும் தந்து விடைத்தாளைத் திருத்தச் சொன்னால் என்ன நிகழும்? அதுவே நிகழ்ந்தது.

2009இல் குஜராத் வாரியம் தன் கதவைத் திறந்து, அயல்நாட்டு ஆராய்ச்சியாளரை உள்ளே அழைத்தது. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் என்னும் நால்வர் அவர். இவருள் எஸ்தர் டுஃப்லோ அம்மையார் 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றவர். அகமதாபாத், சூரத்து வட்டாரங்களில் தணிக்கைக்குட்பட்ட 473 தொழிற்சாலைகளை அவர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவில் பழைய முறையே நீடித்தது. மறு பிரிவில் மூன்று மாற்றங்கள் செய்தனர். தணிக்கையாளரைத் தொழிற்சாலையார் தேராமல், குலுக்கல் வழியே வாரியம் ஒதுக்கியது. கூலி பொதுநிதியிலிருந்து ஒரே அளவாகத் தரப்பட்டது. அளந்த இடங்களுட் சிலவற்றை வேறொருவர் சென்று மறுபடி அளந்து சரிபார்த்தார். பிற்பகுதியில், மெய்யாக அளந்தவருக்கு ஊதியமும் கூடியது.

முடிவு வியப்பூட்டுவது. பழைய முறையில் இருந்த தணிக்கையாளர், துகள் எல்லையை மீறியவை நூற்றுக்கு 7 தொழிற்சாலைகளே என்று எழுதினர். மறு அளவையில் மெய்யாக மீறியவை நூற்றுக்கு 59! அறிக்கைகளிற் பல எல்லைக்குச் சற்றே கீழே வந்து நின்றன. ஏதோ எல்லா உலைகளும் 150 என்னும் எண்ணை அறிந்து, மரியாதையோடு அதற்கு முன் நின்றுவிட்டன போலும்! புதிய முறையில் அமர்த்தப்பட்ட தணிக்கையாளரிடம் பொய்யறிக்கை பெரிதும் குறைந்தது. அதனினும் சிறந்த செய்தி ஒன்று உண்டு: தம் அளவு மெய்யாக எழுதப்படுகிறது என்று அறிந்த தொழிற்சாலைகள் மாசையே குறைத்துக்கொண்டன. மனிதர் அவரே, கருவியும் அதுவே, கூலி தருபவனும் தேர்பவனும் மாறியதும் உண்மை வெளிவந்தது. 2015இல் குஜராத் வாரியம் தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கும் ஏற்பாட்டைத் தன் விதியாகவே மேற்கொண்டது.

இதனைப் படித்த அன்று நான் உத்திரமேரூர்க் குடத்தை நினைத்துக்கொண்டேன். குடத்தில் கைவிட்ட சிறுவனும், சூரத்தில் பெயரைக் குலுக்கிய கணிப்பொறியும் ஒரே பணியைச் செய்தவர்கள். அதற்காக, எல்லாம் நம் முன்னோர் கண்டனவே என்று மார்தட்ட நான் வரவில்லை. கல்வெட்டு ஆயிரம் ஆண்டாக நம்மிடமே இருந்தது. அதனை எடுத்துப் புகைபோக்கிக்குப் பொருத்தலாம் என்று நமக்குத் தோன்றவில்லை. இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்டு மெய்ப்பிக்கும் முறையை அயலாரிடமிருந்து கற்றோம். அவரோ, ஒரு மாநில வாரியம் தன் குறையைத் தானே காட்ட முன்வந்ததாலன்றி எதையும் கற்றிருக்க இயலாது. கொண்டும் கொடுத்தும் நடந்தது அது. நான்கு தராசு வாங்கித் தரும் உதவியினும் இத்தகைய உதவி உயர்ந்தது என்பேன். ஏனெனில், கப்பலேறிச் சென்றவர் கொண்டு போகவியலாத ஒன்று இங்கே தங்கிவிட்டது.

அதே குழுவினர் மற்றோர் ஆய்வும் செய்தனர். அலுவலர் தொழிற்சாலைக்குச் செல்லும் முறைகளைப் பெருக்கிப் பார்த்தனர். அதனால் மட்டும் மாசு பெரிதாகக் குறையவில்லை. வாரியத்து அலுவலர் பெருங்குற்றவாளிகளை முன்னரே ஓரளவு அறிந்து அவரிடமே சென்றுகொண்டிருந்தனர். கூடுதலாகச் சென்ற இடங்களில் பெருங்குற்றம் அதிகம் இல்லை. 'இன்னும் பத்து அலுவலரை அனுப்புங்கள்' என்று மேடையில் முழங்குவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று.

பின்னர், 2019இல், சூரத்தில் நெசவு, சாயத் தொழிற்சாலைகளுக்கிடையே புதியதொரு சந்தை தொடங்கியது. வட்டாரம் முழுமைக்கும் இவ்வளவு துகளே வெளிவரலாம் என்று வாரியம் வரம்பிட்டு, அதனைச் சீட்டுகளாகப் பகிர்ந்தது. குறைவாகப் புகைவிட்டவர் எஞ்சிய சீட்டை விற்கலாம். மிகுதியாக விட்டவர் வாங்க வேண்டும். 317 தொழிற்சாலைகள் இதில் ஆய்வுக்குட்பட்டன. சந்தையில் சேர்ந்தவற்றின் துகள் மாசு நூற்றுக்கு 20 முதல் 30 வரை குறைந்தது என்று கண்டனர். நெசவூரில் பிறந்த எனக்கு, நெசவூராகிய சூரத்திலிருந்து இச்செய்தி வந்தது தனி மகிழ்ச்சி. சந்தை நடப்பதற்கு ஒவ்வொரு புகைபோக்கியிலும் இரவும் பகலும் அளந்து அனுப்பும் கருவி வேண்டும். சீட்டின் விலையே அக்கருவியின் நேர்மையைப் பொறுத்தது.

அத்தகைய கருவிகளை நம் மாவட்டத்தின் கீழ்க்கோடியிலும் காணலாம். கொல்கத்தா நெடுஞ்சாலையில் சென்னைக்கு வடக்கே உள்ள கும்மிடிப்பூண்டியில், சிப்காட் தொழிற்பேட்டை பரந்து கிடக்கிறது. இரும்பு உருக்கும் உலைகளும் பிற ஆலைகளும் அங்கே பல. இடர் மிகுந்த தொழிற்சாலைகள் தம் காற்று, நீர் அளவுகளை வாயிலில் பலகை வைத்து மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று 2003இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. மாசு மிகுந்த 17 வகைத் தொழில்கள் இடைவிடாது அளக்கும் கருவி பொருத்தி, அளவுகளை நேரே வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2014இல் மத்திய வாரியம் ஆணையிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வழியே சென்றபோது, ஓர் ஆலையின் வாயிலில் சிவப்பு எண்கள் ஒளிர்வதைக் கண்டு நின்றேன். வாயிற்காவலரிடம், "ஐயா, இந்த எண் சரிதானா என்று யார் பார்ப்பது?" என்று வினவினேன். "இயந்திரம் சொல்லுதுங்க ஐயா, அது பொய் சொல்லுமா?" என்றார் அவர். அவரைக் குறை கூறற்கில்லை. படித்தவர் பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர்.

ஊர்ச் சந்தையில் படிக்கல்லின் அடியில் முத்திரை ஆய்வாளர் குத்திய குறியைத் தேடிப் பார்த்து வாங்கும் பாட்டியார் அவ்வாறு எண்ணார். இயந்திரமும் ஒரு படிக்கல்லே. அதற்கும் முத்திரை வேண்டும். தொடக்கத்தில் அம்முத்திரைக்கு நாம் செருமனியையும் இங்கிலாந்தையும் அமெரிக்காவையுமே நம்பியிருந்தோம். அந்நாட்டு அமைப்புகளின் சான்று பெற்ற கருவிகளையே வாங்க வேண்டியிருந்தது. ஐரோப்பியக் குளிருக்கும் தூயகாற்றுக்கும் ஏற்பச் சோதித்த கருவி, கும்மிடிப்பூண்டிச் சித்திரை வெயிலிலும் புழுதியிலும் அவ்வாறே நடக்கும் என்பதற்கு உறுதியில்லை. 2019இல் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தை, இக்கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் நிறுவனமாக நடுவண் அரசு அமர்த்தியது. நம் நாட்டு வெப்பத்தில், நம் நாட்டுத் தூசியில், நம் நாட்டு முத்திரை. அடுத்த முறை அவ்வாயில் வழியே செல்லும்போது, ஒளிரும் எண்ணைப் பார்த்துவிட்டு, அக்கருவியின் சான்று எங்கே பெறப்பட்டது, கடைசியாக அதனைச் சரிபார்த்த நாள் யாது என்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.